குடும்பத்தோடு சிரிக்க ஓர் அலுவலகம்

திங்கட்கிழமை மதியக் காட்சி முடிந்து கூட்டம் கலைந்துகொண்டிருக்கும்போதே, கீத் என்ற அமெரிக்க அரங்க நிறுவனத்தின் மேலாளர் மேசைக்கு வந்து எழுத உட்கார்ந்துவிடுவார். முதலில் வந்த சாகசக்காரர்கள் எத்தனை நிமிடம் எடுத்துக்கொண்டார்கள், இரண்டாவதாக வந்த ஜோடியின் பாட்டு எடுபட்டதா, நகைச்சுவைக்காரருக்கு எங்கே கைதட்டல் விழுந்தது, அவர் பேசிய எந்த வசனத்தை மாலைக் காட்சிக்குள் வெட்டச் சொல்லியாயிற்று என்று ஒவ்வொரு அயிட்டத்துக்கும் ஒரு பத்தி. அந்த அறிக்கை தலைமை அலுவலகத்துக்குப் போகும். பாஸ்டனில் திங்களன்று வாய் தவறி வந்த ஒரு கொச்சைச் சொல், அந்தக் கலைஞருக்கு அடுத்த மாதம் பிலடெல்பியாவில் வேலை உண்டா இல்லையா என்பதைத் தீர்மானித்துவிடலாம். 1902 முதல் 1923 வரையிலான இந்த அறிக்கைப் புத்தகங்கள் இன்று அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழக நூலகத்தில் பாதுகாக்கப்படுகின்றன.

1880-களிலிருந்து 1920-கள் வரை அமெரிக்க மேடையை ஆண்ட இந்தப் பல்சுவை நிகழ்ச்சிக்கு வாடெவில் என்று பெயர். பாட்டு, நடனம், மந்திர வித்தை, பழக்கிய விலங்குகள், குறுநாடகம், நகைச்சுவை என்று எட்டு ஒன்பது அயிட்டங்களை ஒரே சீட்டுக்குப் பார்க்கலாம். அதன் உயிர் நகைச்சுவைதான். பாட்டியும் அம்மாவும் பிள்ளைகளும் ஒரே வரிசையில் உட்கார்ந்து கூச்சமில்லாமல் சிரிக்கக்கூடிய நகைச்சுவையை வாராவாரம் ஊர் ஊராக அனுப்பிவைத்தது கீத் நிறுவனத்தின் புக்கிங் அலுவலகம். பார்வையாளருக்குத் தந்த வாக்கை அந்த அலுவலகம் பெரும்பாலும் காப்பாற்றியது. ஆனால் மேடையில் நின்று சிரிக்கவைத்தவர்களிடம் அதே நேர்மையோடு நடந்துகொள்ளவில்லை. இந்த இரண்டு கதைகளும் ஒரே கட்டடத்தில், ஒரே மனிதர்களால் நடத்தப்பட்டவை.

சாராய வாடையிலிருந்து வெளியே

1860-களின் நியூயார்க்கில் பல்சுவை நிகழ்ச்சி என்றால் குடிக்கூடம் என்றுதான் பொருள். ஒரு பக்கம் மேடை, மறுபக்கம் மது, இடையில் மதுவைப் பரிமாறும் பெண்கள். மேடை நிகழ்ச்சி, மது விற்பனை, பரிமாறும் பெண்கள் மூன்றும் ஒரே இடத்தில் சேரக்கூடாது என்று நியூயார்க் மாநிலம் 1862-இல் சட்டம் போட்டது. சட்டம் வந்தும் வாடை போகவில்லை. ஆண்கள் மட்டுமே கூடும் இடம் என்பதால் நகைச்சுவையும் அவர்களுக்கேற்ற மட்டத்திலேயே நின்றது. மரியாதையான வீட்டுப் பெண் அங்கே கால் வைத்தால் ஊர் பேசும்.

இதை மாற்றியவர்களில் முதலாவதாகச் சொல்ல வேண்டியவர் டோனி பாஸ்டர். சர்க்கஸில் கோமாளியாக இருந்தவர், பாடகர். 1865-இல் பவரி வட்டாரத்தில் சொந்தமாக அரங்கம் தொடங்கினார். பதினாறு ஆண்டு அனுபவத்துக்குப் பிறகு, 1881 அக்டோபர் 24 அன்று 14-ஆவது தெருவில் புதிய அரங்கைத் திறந்தபோது, அரங்கத்துக்குள் மது கிடையாது, மேடையில் ஆபாசம் கிடையாது என்று அறிவித்தார். அறிவித்துவிட்டுச் சும்மா இருக்கவில்லை. பெண்களை வரவழைக்க மாவு மூட்டை, நிலக்கரி, பன்றித்தொடை இறைச்சி, உடை தைப்பதற்கான மாதிரித்தாள் என்று வீட்டுக்குப் பயன்படும் பொருள்களைப் பரிசாகக் கொடுத்தார். குடும்பத் தலைவியின் மனம் எதில் இருக்கும் என்று தெரிந்த மனிதர். மனைவி வந்தால் கணவர் வருவார், பிள்ளைகள் வருவார்கள். ஒரு சீட்டு விற்ற இடத்தில் நான்கு சீட்டு விற்கும். பாஸ்டர் பக்தியுள்ள கத்தோலிக்கர். ஆகவே அவருடைய சுத்தத்தில் மனசாட்சியும் உண்டு, கணக்கும் உண்டு.

ஆனால் பாஸ்டரிடம் இருந்தது ஓர் அரங்கம்தான். அவர் கண்டுபிடித்ததைப் பெரும் வணிகமாக்கியவர்கள் பாஸ்டன் நகரத்தில் வேறொரு வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பத்து சென்ட் காட்சிசாலை

பெஞ்சமின் ஃபிராங்க்ளின் கீத் 1846-இல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்தவர். சர்க்கஸ் கூட்டங்களோடு அலைந்து பிழைத்தவர். 1883-இல் பாஸ்டனின் வாஷிங்டன் தெருவில் ஒரு கடை இடத்தைப் பிடித்து, பத்து சென்ட் கட்டணத்தில் விநோதக் காட்சிசாலை தொடங்கினார். அங்கே முதலில் காட்டப்பட்டது, குறைமாதத்தில் பிறந்த ஒரு சின்னஞ்சிறு குழந்தை. இன்று நினைத்தால் நெஞ்சு பதறும் காட்சி அது. குடும்பங்களின் நம்பிக்கையைப் பின்னாளில் சம்பாதித்த நிறுவனத்தின் தொடக்கம் அங்கேதான் இருந்தது.

1885 ஜூலை 6 அன்று கீத் புது முறையைக் கொண்டுவந்தார். காலையில் தொடங்கினால் இரவுவரை காட்சி ஓடிக்கொண்டே இருக்கும். எப்போது வேண்டுமானாலும் உள்ளே வரலாம், விருப்பம்போல் உட்காரலாம். கடைத்தெருவுக்கு வந்த பெண்கள் பிள்ளைகளோடு நடுப்பகலில் நுழைவதற்கு இது வசதியாக இருந்தது. உள்ளே எப்போதும் ஆள் இருப்பதால் அரங்கம் காலியாகத் தெரிவதும் இல்லை.

அதே ஆண்டில் வந்து சேர்ந்தவர் எட்வர்ட் ஃபிராங்க்ளின் ஆல்பி. மெய்ன் மாநிலத்துக்காரர். அவரும் சர்க்கஸில் சீட்டு விற்றுத் தொழில் கற்றவர். அன்றைய அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டம் வெளிநாட்டுப் படைப்புகளைக் காக்கவில்லை. அந்தப் பாதுகாப்பு 1891-இல்தான் வந்தது. அதைப் பயன்படுத்தி, கில்பர்ட் - சலிவன் இரட்டையரின் புகழ்பெற்ற இசை நாடகமான மிக்காடோவை மலிவுக் கட்டணத்தில் போட ஆல்பி யோசனை சொன்னார். கூட்டம் குவிந்தது. அந்த லாபத்தில் அரங்கங்கள் பெருகின. பிராவிடன்ஸ், பிலடெல்பியா என்று தொடர்ந்து, 1893-இல் நியூயார்க்கின் யூனியன் சதுக்க அரங்கமும் கீத் கைக்கு வந்தது. 1894 மார்ச் 24 அன்று பாஸ்டனில் பளிங்கும் கண்ணாடியும் பொன்முலாமும் மின்ன ஓர் அரண்மனையைத் திறந்தார்கள். சாதாரணக் குமாஸ்தா குடும்பம் சில சென்ட்களுக்கு அந்த அரண்மனையில் மதியப் பொழுதைக் கழிக்கலாம் என்பது அப்போது புதுமை.

கீத்தின் மனைவி மேரி கேதரின் இந்தக் கதையில் அடிக்கடி மறக்கப்படுகிறவர். தொடக்க நாட்களில் கலைஞர்கள் தங்கிய விடுதியைக் கவனித்துக்கொண்டவர் அவர். மேடையில் எது வரலாம், எது வரக்கூடாது என்பதில் அவருடைய கண்டிப்புதான் பின்னர் நிறுவனத்தின் விதியாக மாறியது. கீத் அரங்கங்களின் வரிசைக்குக் கலைஞர்கள் வைத்த பட்டப்பெயரே ஞாயிறுப் பள்ளி சர்க்யூட். தேவாலயத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தும் இடத்தைச் சொல்லிக் கிண்டல் செய்தார்கள். கிண்டலையே நிறுவனம் விளம்பரமாக எடுத்துக்கொண்டது.

நீல உறை

விதிகள் எழுத்தில் இருந்தன. மேடைக்குப் பின்னால் ஒட்டிய அறிவிப்பில், சொல்லக்கூடாத சொற்களின் பட்டியல் இருந்தது. இன்றைய காதுக்குக் குழந்தைத்தனமாகத் தோன்றும் சொற்கள்கூட அதில் அடக்கம். ஒருவரைச் சோம்பேறி அழுக்கன் என்ற பொருளில் திட்டும் சாதாரணச் சொல்லுக்கும் தடை. மீறினால் ஒப்பந்தம் அந்த நிமிடமே ரத்து. கடவுள் பெயரை எடுத்துச் சபதம் போடக்கூடாது. மதகுருக்களைக் கேலி செய்யக்கூடாது. பார்வையாளரைப் பார்த்து நக்கலடிக்கக்கூடாது.

மதியக் காட்சியில் மேலாளருக்கு உறுத்தியதை ஒரு தாளில் குறித்து உறைக்குள் வைத்துக் கலைஞரின் அறைக்கு அனுப்புவார்கள். அந்த உறை நீல நிறம். உறை வந்தாலே வசனம் ஒன்று போய்விட்டது என்று கலைஞருக்குத் தெரியும்.

பார்வையாளரையும் விட்டுவைக்கவில்லை. காலால் தரையைத் தட்டி ஆர்ப்பரிக்க வேண்டாம், புகைக்க வேண்டாம், பெண்கள் பெரிய தொப்பிகளைக் கழற்றிவைத்தால் பின்வரிசைக்காரர்களுக்கு மேடை தெரியும் என்று அச்சிட்ட அட்டைகளைப் பணியாளர்கள் கொடுத்தார்கள். மேல்மாடியில் கூச்சலிட்டவர்களிடம் கீத்தே மேடையேறிப் பேசியதும் உண்டு. மேடையும் கூடமும் சேர்ந்து திருந்தினால்தான் குடும்பம் திரும்பத் திரும்ப வரும் என்பதை அவர் புரிந்துவைத்திருந்தார்.

இந்தக் கண்டிப்பு நகைச்சுவையைக் கொன்றுவிடவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. கொச்சையைக் கொண்டு சிரிப்பு வாங்கும் குறுக்குவழி அடைபட்டதும், கலைஞர்கள் பாத்திரத்தையும் நேரக்கணக்கையும் நம்பத் தொடங்கினார்கள். 1920-களின் தொடக்கத்தில் ஜார்ஜ் பர்ன்ஸும் கிரேசி ஆலனும் ஜோடி சேர்ந்தபோது, சிரிப்பு வரிகள் எல்லாம் பர்ன்ஸுக்கு, கேள்விகள் மட்டும் கிரேசிக்கு என்றுதான் எழுதிவைத்திருந்தார்கள். கூட்டமோ கிரேசியின் அப்பாவிக் கேள்விகளுக்கே சிரித்தது. பர்ன்ஸ் உடனே வரிகளை மாற்றினார். கேள்வி தமக்கு, பதில் கிரேசிக்கு. தமக்கென்று ஒரு தர்க்கத்தை வைத்துக்கொண்டு, அதில் இம்மியும் சந்தேகமில்லாமல் பேசும் பெண்ணாகக் கிரேசி பல்லாண்டுகள் கோலோச்சினார். ஜாக் பென்னி கையில் வயலினோடு வந்து, பேசாமல் நிற்கும் நொடிகளாலேயே சிரிப்பு வாங்கக் கற்றார். வில் ராஜர்ஸ் கயிற்றைச் சுழற்றிக்கொண்டே அன்றைய செய்தித்தாளைப் பற்றிப் பேசினார். இவர்கள் யாருக்கும் ஆபாசம் தேவைப்படவில்லை.

ஆறாவது மாடி

ஒரு நகைச்சுவை ஜோடியிடம் பதினைந்து நிமிட அயிட்டம் ஒன்று இருக்கிறது. ஓர் ஊரில் ஒரு வாரம் போட்டால் அந்த ஊரே பார்த்துவிடும். அடுத்த வாரம் அடுத்த ஊர். நாடு பெரியது, ஊர்கள் பல. ஒரே பதினைந்து நிமிடத்தை வைத்துக்கொண்டு ஆண்டுக் கணக்கில் பிழைக்கலாம். ஆனால் வாரங்கள் தொடர்ச்சியாக அமைய வேண்டும். இந்த வாரம் ஓர் ஊர், அடுத்த வாரம் ஐந்நூறு மைல் தள்ளி இன்னோர் ஊர் என்றால் வருமானம் ரயில் கட்டணத்துக்கே போய்விடும். நடுவில் ஒரு வாரம் வேலை இல்லாவிட்டால் கையிலிருந்து சாப்பிட வேண்டும். அரங்கக்காரருக்கும் இதே தலைவலி. ஒன்பது அயிட்டங்களுக்கு ஒன்பது ஏஜென்ட்களோடு தனித்தனியாகப் பேரம் பேசி, எல்லாரும் திங்கட்கிழமை காலை வந்து சேர்வார்களா என்று காத்திருக்க வேண்டும். ஆகவே எல்லாருக்கும் பொதுவாக ஒரு புக்கிங் அலுவலகம் இருப்பது நியாயமான தேவைதான்.

1900-இல் கீத்தும் ஆல்பியும் முன்நின்று வாடெவில் அரங்க உரிமையாளர்களின் சங்கத்தை உருவாக்கினார்கள். கலைஞர்கள் இனி சங்கத்தின் மூலமாகத்தான் வேலை பெற வேண்டும். அதற்காகச் சம்பளத்தில் ஐந்து சதவீதம் கமிஷன் கொடுக்க வேண்டும். அதாவது, வேலை கொடுக்கும் முதலாளி, வேலை வாங்கிக் கொடுத்ததற்காகத் தொழிலாளியிடமே தரகு வாங்குகிறார். 1906-இல் இந்த ஏற்பாடு யுனைடெட் புக்கிங் ஆபீஸ் என்ற பெயரில் முறையான நிறுவனமாயிற்று. கிழக்கு மாநிலங்களின் பெரிய அரங்கங்கள் எல்லாம் இதன் வழியாகவே நிரல் பெற்றன. மேற்கே மார்ட்டின் பெக் தலைமையிலான ஆர்ஃபியம் சர்க்யூட்டும் இதோடு உடன்பாடு செய்துகொண்டது.

1913-இல் நியூயார்க்கின் பேலஸ் அரங்கம் திறக்கப்பட்ட பிறகு அதன் கட்டடத்திலேயே அலுவலகம் இயங்கியது. ஆறாவது மாடியில் மேசை மேசையாகப் புக்கிங் அதிகாரிகள். ஒவ்வொருவர் பொறுப்பிலும் சில அரங்கங்கள். அனுமதி பெற்ற ஏஜென்ட்கள் மட்டும் அந்தத் தளத்துக்குள் நுழையலாம். தம் கலைஞர்களின் பெயர்களை வைத்துக்கொண்டு மேசைக்கு மேசை நடந்து, பாஸ்டனுக்கு ஒரு வாரம், பிராவிடன்ஸுக்கு ஒரு வாரம் என்று சேர்த்துச் சேர்த்து முழுப் பயணத்தையும் கோத்துவிடுவார்கள். நாற்பது வாரம் தொடர்ந்து அமைந்துவிட்டால் அந்த ஆண்டு கவலையில்லை. கலைஞர்கள் அந்த மாடிக்கு வரமாட்டார்கள். கீழே பேலஸ் அரங்கின் முன் நடைபாதையில் நின்று, ஏஜென்ட் என்ன செய்தியோடு இறங்கி வருகிறார் என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

வாரம் 200 டாலர் பேசிய ஒரு ஜோடி என்று வைத்துக்கொள்வோம். அலுவலகத்துக்கு 10 டாலர். ஏஜென்டுக்கு 10 டாலர். அந்த ஏஜென்டின் பங்கிலும் பாதி, வசூல் நிறுவனம் என்ற பெயரில் இயங்கிய இன்னொரு கிளை வழியாக அலுவலகத்துக்கே திரும்பியது. மீதியில் ரயில், விடுதி, உடை, விளம்பரப் படம், மேடைப் பணியாளர்களுக்குக் கொடுக்கும் இனாம் எல்லாம் கலைஞர் செலவு. இதற்கெல்லாம் மேல், திங்கள் மதியக் காட்சி திருப்தியாக இல்லையென்றால் மேலாளர் அப்போதே ஒப்பந்தத்தை முடித்து அனுப்பலாம். ஐந்நூறு மைல் வந்த கலைஞர் அடுத்த ரயிலைப் பிடிக்க வேண்டியதுதான்.

நிரல் அடுக்கும் கலை

அந்த ஆறாவது மாடிக்காரர்களின் திறமையைக் குறைத்துச் சொல்ல முடியாது. பேலஸ் அரங்கத்தின் புக்கிங்கைப் பார்த்துக்கொண்ட ஜார்ஜ் காட்லீப், ஒன்பது அயிட்டங்களை எந்த வரிசையில் வைப்பது என்பதை 1915-இல் வெளியான வாடெவில் எழுத்துக் கையேடு ஒன்றுக்காக விளக்கியிருக்கிறார். முதல் அயிட்டம் பேச்சில்லாததாக இருக்க வேண்டும். தாமதமாக வருகிறவர்கள் இருக்கை தேடும் சத்தத்தில் வசனம் வீணாகும், எனவே நடனம் அல்லது விலங்கு வித்தை. இரண்டாவது, கூட்டத்தை அமரவைக்கும் ஒரு ஜோடிப் பாட்டு. மூன்றாவது ஆர்வத்தைப் பிடித்து நிறுத்தும் குறுநாடகம். நான்காவதில் முதல் பெரிய வெற்றி. ஐந்தாவது, இடைவேளையில் மக்கள் பேசிக்கொள்ள ஒரு பெரிய பெயர். இடைவேளைக்குப் பின் ஆறாவது அயிட்டத்துக்குத்தான் கடினமான வேலை; கலைந்த கவனத்தைத் திரும்பக் கூட்ட வேண்டும், ஆனால் பின்னால் வருபவரை மிஞ்சக்கூடாது. ஏழாவது முழு மேடையையும் நிரப்பும் நாடகம். எட்டாவது இடம்தான் உச்சம். அது பெரும்பாலும் தனியாக வந்து நிற்கும் நகைச்சுவைக்காரருக்கு. ஒன்பதாவது, கூட்டம் எழுந்து போகும்போது கண்ணுக்கு விருந்தாக ஒரு சாகசம். வர்ணத்தில் தொடங்கித் துக்கடாவில் முடியும் கச்சேரிக்கு நிகரான கட்டமைப்பு இது.

இதற்குள் மேடைக் கணக்கும் உண்டு. முன்திரைக்கு வெளியே ஒரு சாண் இடத்தில் நகைச்சுவைக்காரர் பேசிக்கொண்டிருக்கும்போது, திரைக்குப் பின்னால் அடுத்த அயிட்டத்துக்கான மேசை நாற்காலிகளை அடுக்குவார்கள். கூட்டத்துக்கு ஒரு நொடியும் காத்திருப்பு தெரியாது. சுத்தமான நகைச்சுவைக்காரருக்கு எப்போதும் தேவை இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம். அவருக்குச் சாமான் வேண்டாம், ஒளி வேண்டாம். எந்த ஊருக்கும், எந்த வயதினருக்கும் அனுப்பலாம்.

சுத்தத்தின் எல்லை

ஆனால் எதைச் சுத்தம் என்று கருதினார்கள்? ஆபாசத்துக்குத் தடை இருந்தது. இனக் கேலிக்கு இல்லை. குடிகார ஐரிஷ்காரர், உடைந்த ஆங்கிலம் பேசும் ஜெர்மானியர், கஞ்சரான யூதர் என்ற வார்ப்புகள் குடும்பக் காட்சிகளில் தாராளமாக உலவின. ஐரிஷ் வேலைக்காரப் பெண்களாக வேடமிட்டுக் கேலி செய்துவந்த ரஸ்ஸல் சகோதரர்களை 1907-இல் நியூயார்க்கின் ஐரிஷ் சங்கத்தினர் அரங்குக்குள்ளேயே எதிர்த்து எழுந்து, மேடையைவிட்டே விரட்டினார்கள். எதிர்க்க வலிமையுள்ள சமூகங்கள் இப்படித் தம் மானத்தைக் காத்துக்கொண்டன.

கறுப்பின மக்களுக்கு அந்த வாய்ப்பும் இல்லை. வெள்ளையர் முகத்தில் கரி பூசிக்கொண்டு ஆடும் வேடம் கடைசிவரை தொடர்ந்தது. பஹாமாஸ் தீவில் பிறந்த பெர்ட் வில்லியம்ஸ் அந்தத் தலைமுறையின் மிகச் சிறந்த நகைச்சுவைக் கலைஞர்களில் ஒருவர். அவரும் முகத்தில் கரி பூசிக்கொண்டுதான் மேடையேற வேண்டியிருந்தது. ஒரு நிரலில் ஒரு கறுப்பினக் குழுவுக்கு மேல் இடம் கிடைப்பது அரிது. பல அரங்கங்களில் கறுப்பினப் பார்வையாளர்கள் மேல்மாடிக்கு ஒதுக்கப்பட்டார்கள். குடும்பம் என்று அலுவலகம் சொன்னபோது எல்லாக் குடும்பங்களையும் அது எண்ணவில்லை. 1920-இல் கறுப்பினப் பார்வையாளர்களுக்கான அரங்கங்கள் சேர்ந்து தனியே ஒரு புக்கிங் சங்கம் அமைத்தன. பேலஸ் அரங்கில் கிடைக்காத மேடை நகைச்சுவைக் கலைஞர்களான பட்டர்பீன்ஸ் - சூசி தம்பதிக்கும் இளம் மாம்ஸ் மேப்லிக்கும் அங்கே கிடைத்தது. அங்கும் சம்பளம் குறைவு, பயணம் கடுமை.

எதிர்த்தவர்கள்

ஐந்து சதவீதக் கமிஷனை எதிர்த்து 1900-ஆம் ஆண்டே கலைஞர்கள் திரண்டார்கள். ஜார்ஜ் ஃபுல்லர் கோல்டன் தலைமையில் எட்டுப் பேர் தொடங்கிய அமைப்புக்கு வெள்ளை எலிகள் என்று பெயர். லண்டன் கலைஞர்களின் நீரெலிகள் அமைப்பைப் பார்த்துவைத்த பெயர். 1901-இல் உடம்பு சரியில்லை என்று ஒரே நேரத்தில் பலர் மேடையேற மறுத்தார்கள். கமிஷனை எடுத்துவிடுவதாக உரிமையாளர்கள் வாக்குக் கொடுத்தார்கள். போராட்டம் ஓய்ந்ததும் வாக்கைக் காற்றில் விட்டார்கள். இந்த அமைப்பிலும் குறை இருந்தது. தொடக்கத்தில் பெண்களுக்கும் கறுப்பினக் கலைஞர்களுக்கும் அதில் இடமில்லை.

அலுவலகத்தின் கையில் இருந்த பெரிய ஆயுதம் கறுப்புப் பட்டியல். போட்டி நிறுவனத்துக்கு ஒரு வாரம் ஆடினாலும் பெயர் அதில் ஏறிவிடும். ஜெர்மனியிலிருந்து வந்து 1898-இல் ஏஜென்ட் தொழில் தொடங்கிய வில்லியம் மோரிஸ், கீத் - ஆல்பியின் பிடிக்கு வெளியே அரங்கங்களைத் திரட்டப் பல முறை முயன்றார். 1907-இல் அவர் புக்கிங் செய்த ஒரு பெரிய போட்டிச் சங்கிலியைச் சில மாதங்களிலேயே பணம் கொடுத்து மூடவைத்தார்கள். மோரிஸ் அசரவில்லை, ஸ்காட்லாந்துப் பாடகர் ஹாரி லாடரைக் கொண்டுவந்து மறுபடியும் தொடங்கினார். ஒரு நாளிதழில் காரமாக விமர்சனம் எழுதியதற்காக வேலையை இழந்த சைம் சில்வர்மேன் 1905 டிசம்பரில் வெரைட்டி என்ற வார இதழைத் தொடங்கினார். அதில் விளம்பரம் கொடுக்கக்கூடாது என்று கலைஞர்களுக்கு ஆல்பி உத்தரவு போட்டார். மார்க்ஸ் சகோதரர்கள் 1922-இல் அனுமதி கேட்காமல் இங்கிலாந்துக்குப் போய் ஆடிவிட்டு வந்ததற்காகக் கீத் அரங்கங்களின் கதவு அவர்களுக்கு மூடப்பட்டது. வேறு வழியில்லாமல் இசை நாடகத்துக்குப் போனவர்கள் 1924-இல் பிராட்வேயைக் கலக்கினார்கள் என்பது தனிக்கதை.

1914-இல் கீத் இறந்தார். 1918-இல் அவர் மகனும் இறந்தபின் எல்லா அதிகாரமும் ஆல்பியிடம் வந்தது. அதற்குள்ளேயே, 1916-இல், ஆல்பி தாமே கலைஞர்களுக்கென ஒரு சங்கத்தை உருவாக்கியிருந்தார். அதில் உறுப்பினராக இருந்தால்தான் புக்கிங். ஹாரி மவுன்ட்ஃபோர்ட் தலைமையில் வெள்ளை எலிகள் 1916-17-இல் நடத்திய வேலைநிறுத்தம், அமெரிக்கா உலகப் போருக்குள் நுழைந்த நேரத்தில் முறிந்தது. கடனில் மூழ்கிய வெள்ளை எலிகளின் சங்கக் கட்டடத்தையே ஆல்பியின் சங்கம் எடுத்துக்கொண்டது. அந்தச் சங்கம் இறந்த கலைஞரின் குடும்பத்துக்கு உதவித்தொகை கொடுத்தது, நோயாளிகளைக் கவனித்தது. அந்த நன்மைகள் உண்மையானவை. ஆனால் சம்பளத்தைப் பற்றி முதலாளியிடம் பேரம் பேசும் உரிமை மட்டும் அதில் இல்லை.

மத்திய வர்த்தக ஆணையம் 1918-இல் இந்த ஏகபோகத்தின்மீது வழக்குத் தொடுத்தது. 1919-இல் கமிஷனும் கறுப்புப் பட்டியலும் வசூல் நிறுவனமும் விசாரணையில் சாட்சியங்களாக வெளிவந்தன. 1920-இல் வழக்கு தள்ளுபடியானது.

மைக்கின் காலம்

சட்டத்தால் அசைக்க முடியாத நிறுவனத்தைத் தொழில்நுட்பம் சாய்த்தது. பேசும்படம் 1927-இல் பிடிப்புக் கொண்டது. வானொலி வீட்டுக்குள்ளேயே நகைச்சுவையைக் கொண்டுவந்தது. 1928 ஜனவரியில் கீத் - ஆல்பியும் ஆர்ஃபியமும் ஒன்றாயின. அதே ஆண்டு, பின்னாளில் அமெரிக்க அதிபரான ஜான் கென்னடியின் தந்தை ஜோசப் கென்னடி அந்த நிறுவனத்தைக் கைப்பற்றினார். அக்டோபரில் அது ஆர்.கே.ஓ. என்ற திரைப்பட நிறுவனமாயிற்று. பெயரில் உள்ள கே கீத்தையும், ஓ ஆர்ஃபியத்தையும் குறிக்கும். அதிகாரம் இழந்த ஆல்பி 1930 மார்ச்சில் இறந்தார். 1932 நவம்பர் 16 அன்று பேலஸ் அரங்கமும் திரைப்படத்துக்கு மாறியது.

ஆனால் அந்த மேடையில் பழகிய கலைஞர்கள் அழியவில்லை. ஜாக் பென்னி, பர்ன்ஸ் - ஆலன், ஃபிரெட் ஆலன் ஆகியோர் 1932-இலேயே வானொலிக்கு வந்துவிட்டார்கள். வீட்டுக் கூடத்தில் குடும்பமே சுற்றி உட்கார்ந்து கேட்கும் ஊடகத்துக்கு எந்த நகைச்சுவை பொருந்தும் என்பதை அவர்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை. 1948-இல் தொடங்கி 1971 வரை ஞாயிறு இரவுகளில் ஓடிய எட் சலிவன் தொலைக்காட்சி நிகழ்ச்சியின் அமைப்பும் வாடெவில் நிரலிலிருந்து வந்ததுதான்: ஒரு சாகசம், ஒரு பாட்டு, குழந்தைகளுக்கு ஒரு பொம்மை, நடுவில் ஒரு நகைச்சுவைக்காரர். கீத் - ஆல்பி பலமுறை நசுக்கப் பார்த்த வில்லியம் மோரிஸின் நிறுவனம் அவர்களைத் தாண்டி வாழ்ந்து, ஹாலிவுட்டின் மாபெரும் ஏஜென்சிகளில் ஒன்றாக வளர்ந்தது.

அரை நூற்றாண்டு நடந்த இந்தத் தொழிலைத் திரும்பிப் பார்க்கும்போது, கீத்தும் ஆல்பியும் செய்த நன்மையை மறுப்பதற்கில்லை. பெண்களையும் பிள்ளைகளையும் பொது அரங்குக்குள் மரியாதையோடு கொண்டுவந்தார்கள்; கண்ணியமான நகைச்சுவைக்கு நாடு தழுவிய சந்தையை உருவாக்கினார்கள். ஆனால் வசனத்தில் காட்டிய அக்கறையை ஒப்பந்தத்தில் காட்டவில்லை. ஒரு கெட்ட சொல்லுக்காகக் கலைஞரை வெளியே அனுப்பிய அலுவலகம், அவருடைய கூலியில் இரண்டு பக்கமும் பிடித்தம் செய்தது. குடும்ப நிகழ்ச்சிகளுக்குக் கலைஞர்களை ஒழுங்குசெய்கிற எவருக்கும், எந்த ஊரிலும், இந்தக் கணக்குப் பொருந்தும்: கமிஷன் எவ்வளவு, அதை யார் கொடுக்கிறார், நிகழ்ச்சி ரத்தானால் யாருக்கு நஷ்டம் என்பதை முன்கூட்டியே எழுத்தில் வைக்காதவரை, மேடையின் கண்ணியம் பாதிதான்.

வெள்ளை எலிகள் கேட்டதும் அதுதான். அவர்கள் தோற்றார்கள், ஆனால் அவர்களிடம் இருந்த தொழிற்சங்க அங்கீகாரம் 1919-இல் அமெரிக்க நடிகர்களின் கூட்டமைப்புக்குப் போய்ச் சேர்ந்தது. அந்தக் கூட்டமைப்பின் கீழ் 1939-இல் பல்சுவைக் கலைஞர்களுக்கென்று அமெரிக்கன் கில்ட் ஆஃப் வெரைட்டி ஆர்டிஸ்ட்ஸ் என்ற சங்கம் தொடங்கப்பட்டது. ஆண், பெண், பாடகர், கோமாளி, நகைச்சுவைக்காரர் எல்லாருக்காகவும் ஒப்பந்தம் பேசும் அந்தச் சங்கம் நியூயார்க்கில் இன்றும் இயங்குகிறது.